கடாரத்துக்காரர்களுக்குத் தஞ்சாவூரில் இரண்டு நாள்

ஊருக்குப் போனால் பத்து நாளும் உறவுக்காரர் வீட்டிலேயே கரைந்துவிடும். பெரியப்பா வீட்டில் மதியச் சாப்பாடு, சின்ன அத்தை வீட்டில் இரவுச் சாப்பாடு, நடுவில் ஒரு காதுகுத்து, அப்புறம் ஜவுளிக்கடை, பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். நான் மூன்று முறை அப்படித்தான் போய்வந்தேன். நாலாவது முறை மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து கூட்டாளிகள் ஐந்து பேராகக் கிளம்பினோம், எல்லாரும் ஒரே தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்கள், சொந்தக்காரர் முகத்தில் விழிப்பதற்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு நமக்கு என்று பேசி வைத்துக்கொண்டோம். முன்னால் என்பதுதான் முக்கியம். ஒரு வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அப்புறம் வெளியே வர முடியாது.

சென்னையில் இறங்காதீர்கள். அங்கிருந்து தஞ்சாவூர் 340 கிலோமீட்டர், உங்கள் சனிக்கிழமை சாலையிலேயே போய்விடும். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். கெடாக்காரர்கள் சுங்கைப் பட்டாணியில் ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய்விடலாம். திருச்சியிலிருந்து தஞ்சை 60 கிலோமீட்டருக்குள்தான். மணி இரண்டரை மணி நேரம் பின்னால் போகும், வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தால் நல்ல தூக்கம் கிடைக்கும். இ-விசாவை இந்திய அரசுத் தளத்திலேயே போடுங்கள்; அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் தரகர் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். நம் வீட்டு மூன்று முனை பிளக் அங்கே சேராது, உருண்டை முனைக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தை இங்கிருந்தே உறுதி செய்துவிடுங்கள். நாங்கள் செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜ், அறை இருக்கிறது என்று சாவியை எடுத்து மேசையில் வைத்தவர், எங்கள் சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விடுதிக்காரர் நம் விவரத்தை ஒரு படிவத்தில் அரசுக்குப் பதிய வேண்டும், சின்ன இடங்களுக்கு அது தலைவலி. இரவு பத்தரை மணிக்கு ஐந்து பேர் பையோடு தெருவில் நின்றோம். எனவே முன்பதிவு செய்யும்போதே "மலேசியப் பாஸ்போர்ட், ஏற்பீர்களா?" என்று கேளுங்கள். பாஸ்போர்ட், விசா நகல் ஆளுக்கு நாலு இருக்கட்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். "காடி வேணும்ணே, நாள் முழுக்க" என்று என் நண்பன் கேட்க, அந்த அண்ணன் மளிகைக் கடைக்குக் கை காட்டினார். நமக்குக் காடி என்றால் கார், அங்கே வினிகர். இதைவிட மோசம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "என்ன தண்ணி இருக்கு?" என்று நம் வழக்கத்தில் கேட்பது. அப்படிக் கேட்டால் சாராயம் கேட்கிறோம் என்று நினைப்பார்கள். "குடிக்க என்ன இருக்கு?" என்று கேளுங்கள். தே ஓ கிடைக்காது, பால் இல்லாத டீ என்று விளக்க வேண்டும். வண்டி பேசும்போது வாடகையோடு டிரைவர் பேட்டா (அவருடைய நாள்படி) எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் வரை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறங்கும்போது கேட்டால் சண்டைதான். ஐம்பது, நூறு ரூபாய் நோட்டாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இளநிக் கடையில்கூடக் கைப்பேசியில் ஸ்கேன் செய்துதான் காசு கொடுக்கிறார்கள், நாம் அதை நம்பிப் போக முடியாது, ஐந்நூறுக்குச் சில்லறையும் கிடைக்காது.

சரி, பெரிய கோவில். காலை ஏழு மணிக்கு உள்ளே இருங்கள். மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதோடு பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பது தீமிதி. ஒரு ஜோடி காலுறை பையில் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள். கருவறைக்கு மேலே எழும் கோபுரமான விமானம் 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்று கைடு சொல்வார். நாலரை மணிக்கு நாங்கள் அந்த நிழலில்தான் உட்கார்ந்து கடலை தின்றோம்.

அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். குனிந்து பாருங்கள். சுவரின் அடிப்பகுதி முழுக்கத் தமிழ் எழுத்து. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்தது முதல், ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு என்ற கணக்கு வரை கல்லில் இருக்கிறது. கோவிலுக்கு வரவழைத்த 400 ஆடல் பெண்களின் பெயர்களும் உண்டு, எந்த ஊரிலிருந்து வந்தவள், தெருவில் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, ஆளுக்குப் பங்கு நூறு கலம் நெல் என்று. தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) வைத்திருந்த செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, ஞாபகம் வந்தது எனக்கு. லயத்து வீட்டு எண்ணோடு என் பாட்டி பெயரும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

நமக்கென்று ஒன்றும் அங்கே இருக்கிறது. ராஜேந்திரன் 1025 வாக்கில் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"க் கடாரத்தை அடித்த கதை இந்தக் கோவில் கல்வெட்டிலும் வருகிறது. கடாரம் என்றால் நம் கெடாதான், பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக்கில் நாம் பள்ளிப் பயணம் போன அந்தச் சண்டி (பழைய கோவில்). அந்த வரியை முன்கூட்டியே அச்செடுத்துப் போனோம். எந்தச் சுவர் என்று கைடுக்கும் தெரியவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் குந்தியபடியே நகர்ந்து தேடினோம், புள்ளி வைக்காத பழைய எழுத்து, ட, ப, ம மட்டும் பிடிபட்டது, கடாரம் கிடைக்கவில்லை. நீங்கள் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை முன்பே பேசிக் கூட்டிக்கொண்டு போங்கள். அடித்தது மட்டும்தான் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுப்ப, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்திருக்கிறான்.

வெயில் ஏறியதும் அரண்மனைக் கலைக்கூடத்துக்குள் போய்விடுங்கள். வேறெதையும் பார்க்காவிட்டாலும் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் என்ற சிவனின் வெண்கலச் சிலை முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். காளை இல்லை. இல்லாத அந்தக் காளைமேல் கையை ஊன்றி, ஒரு காலை மாற்றிப் போட்டு, வீட்டு வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருப்பவர் மாதிரி நிற்கிறார், தலையில் சடையையே முண்டாசாகச் சுற்றியிருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகமும் அதே வளாகம்தான். அரண்மனையின் மற்ற பகுதிகள் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தாராசுரம் சோழர் கோவில் போதும், கும்பகோணத்துக்குப் பக்கத்தில், ஒரு மணி நேரப் பயணம். கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் சேர்க்கலாம், ஆனால் கும்பகோணத்திலிருந்து இன்னும் 35 கிலோமீட்டர், அவசரமாகிவிடும். எங்களில் இரண்டு பேர் நாகப்பட்டினம் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்றார்கள், அவர்கள் தாத்தா அங்கேதான் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தாராம். அதற்கு மூன்றாவது நாள் வேண்டும். தலையாட்டி பொம்மை வாங்கினால் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டது பீடோங் வந்தபோது தலை வேறு உடம்பு வேறு.

கடைசியாக ஒன்று, அங்கே இருக்கும்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். சனிக்கிழமை காலை நந்திக்கு முன்னால் நின்ற படத்தை ஒருவன் போட்டுவிட்டான். அரை மணி நேரத்தில் அத்தை போன்: "ஏம்பா, திங்கட்கிழமைதானே வர்றேன்னு சொன்னீங்க?"