பஸ்ஸைக் கணினியில் கவிழ்ப்பதற்கு முன் எடை போடுங்கள்

பஸ் கூண்டின் வலிமைக்கான ஐ.நா. விதிமுறை 66 கேட்பது இதைத்தான்: 800 மி.மீ. உயர மேடையிலிருந்து பஸ்ஸை மெல்லச் சாய்த்துக் கவிழ்க்க வேண்டும். கூண்டு நசுங்கலாம், பயணிகளுக்கென ஒதுக்கிய இடத்துக்குள் எந்தப் பாகமும் நுழையக் கூடாது. நிஜ பஸ்ஸை உடைக்காமல் கணினியில் கவிழ்த்துக் காட்டவும் அதன் 9-ஆம் இணைப்பு வழி விடுகிறது. பதினொரு வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்த இணைப்புதான்.

புதிதாக வருகிறவர்கள் மெஷ் போட்டுத்தான் (வண்டியைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான்) ஆரம்பிக்கிறார்கள். நான் எடை மேடையில் ஆரம்பிக்கச் சொல்வேன். மாடலின் மொத்த எடையும் ஈர்ப்பு மையமும் நிஜ வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு முறை எங்கள் மாடல் அலட்டிக்கொள்ளாமல் பாஸானது. சந்தேகப்பட்டு எடைப் பட்டியலைப் பார்த்தால் கூரைமேல் ஏ.சி.யே இல்லை! "அது ஸ்ட்ரக்சர் இல்லையே சார்" என்றான் மாடல் போட்ட தம்பி. ஏ.சி.யை மாடலில் ஏற்றி மறுபடி ஓட்டினோம். ஈர்ப்பு மையம் உயர்ந்தது, விழும் வேகம் கூடியது, ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் பில்லர் பயணிகள் இடத்துக்குள் வந்து நின்றது. சீட் பெல்ட் உள்ள வண்டியென்றால் பயணிகளும் கணக்கில் வருவார்கள்: ஆளுக்கு 68 கிலோ, அதில் பாதி.

அப்புறம் இரும்பு. இரும்பு ஆலை தரும் மில் சான்றிதழில் உள்ள வலிமை எண்ணை அப்படியே போடாதீர்கள். ஷெட்டில் கிடக்கும் அதே குழாயில் துண்டு வெட்டி இழுத்துப் பாருங்கள். பில்லரும் கூரைச் சட்டமும் சேரும் வெல்டிங் மூட்டைத் தனியாகச் செய்து, வளைத்து, எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளைந்தது என்று கோடு வரைந்து, அதன் மேல் மாடலின் கோட்டை வையுங்கள். அங்கீகாரத்துக்காகச் சோதிக்க வரும் டெக்னிக்கல் சர்வீஸ்காரர் அனிமேஷனை ஒரு தடவை பார்ப்பார். இந்த வரைபடத்தில்தான் உட்கார்ந்துவிடுவார். இந்த விதிமுறைக்கு அடிப்படையான ஐ.நா. வாகன ஒப்பந்தம் 1958-இல் வந்தது; அதன் மூன்றாம் திருத்தம் (2017) எட்டாம் அட்டவணையில் சொல்வதும் இதுதான்: நிஜச் சோதனையோடு ஒப்பிட்டு நிரூபிக்காத மாடல் செல்லாது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை, 1998-இன் ஒப்பந்தத்தில் மட்டும்தான். அதனால் ஈ-மார்க் (அந்த ஒப்பந்தப்படி தரும் அங்கீகார முத்திரை) வேண்டுமென்றால் உறுப்பு நாடு ஒன்றின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

ஓட்டி முடித்ததும் முதலில் ஆற்றல் கணக்கைத் திறங்கள். ஹவர்கிளாஸ் (மெஷ் கட்டங்கள் பொய்யாக நெளிவது) போன்ற, நிஜத்தில் இல்லாமல் கணக்கு முறையால் மட்டும் வரும் பொய் ஆற்றல் எந்த நொடியிலும் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடைசி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், தரையில் மோதும் நேரத்தில்தான் அது எகிறும். டைம் ஸ்டெப்பை, அதாவது கணினி ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேரத் துணுக்கைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டுங்கள்; விடை மாறினால் மாடலில் கோளாறு.

தரை உராய்வுக்குச் சோதனை எண் இல்லையென்றால் மூன்று மதிப்புகளில் ஓட்டி, மோசமானதை அறிக்கையில் வையுங்கள்.

இன்புட் ஃபைலையும் சால்வர் (கணக்குப் போடும் மென்பொருள்) வெர்ஷன் எண்ணையும் சேர்த்துப் பூட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஜன்னலை அகலமாக்கச் சொல்லி யாராவது வருவார்கள், அன்று அதே மாடலைத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.