இங்கிலாந்தில் ஒரு பழங்காட்டைத் திட்ட விதிகளின் துணையோடு காப்பது எப்படி?

இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் இன்று வரை இடையறாமல் காடாகவே இருந்து வரும் நிலத்தைப் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். அக்காலத்துக்கு முன் புதிதாகக் காடு நட்டு வளர்ப்பது அரிது என்பதால், 1600இல் இருந்த காடு பெரும்பாலும் அதற்கும் பல நூற்றாண்டு முந்தையதாகவே இருக்கும். மரங்கள் இடையிடையே வெட்டப்பட்டு மீண்டும் துளிர்த்திருக்கலாம். உழப்படாத மண்ணும், அதில் வாழும் பூஞ்சைகளும், விதைகளும், பூச்சிகளுமே அங்கே முதன்மையானவை. ஐக்கிய இராச்சியத்தின் நிலப்பரப்பில் இத்தகைய காடு சுமார் 2.5 விழுக்காடுதான் எஞ்சியுள்ளது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஹாரோவை அடுத்துள்ள ரைஸ்லிப் காடுகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

உங்கள் ஊரில் உள்ள இப்படிப்பட்ட காட்டுக்கு அருகே வீடுகளோ சாலையோ வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே வரிசையாக விளக்குகிறேன்.

படி 1: காடு பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள்

நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு பழங்காடுகளின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறது. ‘மேஜிக்’ என்னும் அரசு வரைபடத் தளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். 1980களில் இப்பட்டியலைத் தொடங்கியபோது 2 ஹெக்டேருக்குக் குறைந்த காடுகளைச் சேர்க்கவில்லை. இப்போதைய திருத்தப் பணியில்தான் 0.25 ஹெக்டேர் வரையிலான சிறு காடுகளும் இடம்பெற்று வருகின்றன. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே அது பழங்காடு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சான்று தேடுவதற்கு மாவட்ட ஆவணக் காப்பகம் நல்ல தொடக்கம். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக வரையப்பட்ட டைத் (தேவாலய வரி) வரைபடங்களும், நாட்டின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் பதிப்பு வரைபடங்களும் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். பிறகு ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ காட்டுக்குச் செல்லுங்கள். புளூபெல், காட்டுப் பூண்டு, வுட் அனெமோனி ஆகிய வசந்தகாலப் பூச்செடிகள் தரையெங்கும் பரவியிருந்தால் அது வலுவான அறிகுறி. வுட் அனெமோனி நூறு ஆண்டில் ஏறத்தாழ ஆறடி தூரமே பரவும் என்பார்கள். ஒரு முழுச் சரிவை அது மூடியிருந்தால் அந்தக் காட்டின் வயதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எல்லையில் பழைய மண்கரையும் பள்ளமும் தெரிகின்றனவா, ஒரே அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளம்பிய ஹேசல் மரங்கள் உள்ளனவா என்றும் கவனியுங்கள். தேதியும் இடக்குறியீடும் குறித்துப் படம் எடுங்கள். பொதுப் பாதையை விட்டு விலகுவதானால் நில உரிமையாளரிடம் அனுமதி பெற்றாக வேண்டும். திரட்டிய சான்றுகளை நேச்சுரல் இங்கிலாந்துக்கு அனுப்பி, காட்டைப் பட்டியலில் சேர்க்குமாறு கேட்கலாம்.

படி 2: லோக்கல் பிளான் கட்டத்திலேயே தலையிடுங்கள்

லோக்கல் பிளான் என்பது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வகுக்கும் திட்டம். பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு தக்க காரணம் இல்லாத வரை, கவுன்சில் தன் லோக்கல் பிளானைப் பின்பற்றியே ஒவ்வொரு கட்டுமான விண்ணப்பத்தையும் முடிவு செய்ய வேண்டும். காட்டை ஒட்டிய வயல் வீடு கட்டுவதற்கான இடமாக அதில் ஒதுக்கப்பட்டுவிட்டால், பின்னர் வாதிடுவதற்கு வீடுகளின் அமைப்பையும் இடைவெளியையும் தவிர அதிகம் மிஞ்சாது. எனவே கவுன்சிலின் அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துகொண்டு, வரைவு வெளிவந்தவுடன் கருத்தை எழுதி அனுப்புங்கள். இறுதி வரைவில் திருத்தம் கோரினால், அரசு நியமிக்கும் திட்ட ஆய்வாளர் நடத்தும் விசாரணையில் நேரில் பேசவும் கேட்டுக்கொள்ளலாம். ஆர்வமுள்ள பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான மன்றம்) இருந்தால், 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டம் தந்த நெய்பர்ஹுட் பிளானிலும் (ஊர்மக்களே வகுக்கும் திட்டம்) காட்டுக்கான பாதுகாப்பை எழுதிச் சேர்க்கலாம்.

படி 3: விண்ணப்ப ஆவணங்களைப் படியுங்கள்

விண்ணப்பம் வந்தபின் கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாட்களே கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். தள வரைபடம், சூழலியல் அறிக்கை, மரங்கள் பற்றிய அறிக்கை ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும்.

தள வரைபடத்தில் அளவுகோலை வைத்து, காட்டின் விளிம்புக்கும் கட்டுமானத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். நேச்சுரல் இங்கிலாந்தும் வனத்துறை ஆணையமும் சேர்ந்து தரும் நிலையான அறிவுரை, குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. வீட்டுத் தோட்டங்கள்கூட அந்த இடைவெளிக்குள் வரக் கூடாது. சூழலியல் அறிக்கையில் கள ஆய்வு எந்த மாதம் நடந்தது என்று பாருங்கள். நவம்பரில் நடந்த ஆய்வு புளூபெல்லைக் காணவில்லை என்று எழுதியிருந்தால், அதில் வியக்க எதுவுமில்லை!

படி 4: விதியின் மொழியில் எழுதுங்கள்

இங்கிலாந்து அரசின் கட்டுமானத் திட்ட விதிகளைத் தொகுத்துக் கூறும் தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகத்தின் 2024 டிசம்பர் பதிப்பில் 193ஆம் பத்தியின் ‘சி’ பிரிவே உங்கள் முதன்மையான ஆயுதம். பழங்காடு போன்ற ஈடுசெய்ய இயலாத வாழிடங்களை அழிக்கும் அல்லது சீரழிக்கும் திட்டங்கள், முற்றிலும் விதிவிலக்கான காரணமும் தக்க ஈடுசெய்யும் திட்டமும் இருந்தாலன்றி, மறுக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. பத்தி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் எழுதும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வலுவான வாசகம் 2018இல்தான் வந்தது. அதற்கு முன், திட்டத்தின் தேவையும் நன்மையும் இழப்பைத் தெளிவாக விஞ்சினால் போதும் என்றிருந்தது. கென்ட் மாவட்டத்து ஓக்கன் வுட்டில் சுமார் 32 ஹெக்டேர் பழங்காட்டைக் கல் குவாரிக்காக விட்டுக்கொடுக்க 2013இல் அமைச்சர் அனுமதித்தது அந்தப் பழைய விதியின் கீழ்தான்.

‘சீரழிவு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஒரு மரம்கூட வெட்டாமலே, தெருவிளக்கின் ஒளியும், திசைமாறிய மழைநீரும், வேலிக்கு அப்பால் கொட்டப்படும் தோட்டக் கழிவும், வீட்டுப் பூனைகளும் ஒரு காட்டை மெல்லக் கெடுத்துவிடும். பல்லுயிர் வளத்தைப் பத்து விழுக்காடு கூட்டித் தருகிறோம் என்று கட்டுமான நிறுவனம் சொன்னால், பழங்காட்டின் இழப்பை அந்தக் கணக்கில் ஈடுகட்ட முடியாது என்று பதில் எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: காட்டின் பெயர், பட்டியலில் அதன் நிலை, நீங்கள் அளந்த தூரம், ஏற்படக்கூடிய சேதம், மீறப்படும் விதி, மறுக்குமாறு வேண்டுகோள். வீட்டு விலை குறையும், சன்னல் காட்சி போய்விடும் என்பவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படமாட்டா. ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் தத்தம் சொற்களில் எழுதுவதே மேல் என்பது என் கருத்து.

படி 5: ஊரைத் திரட்டுங்கள்

உங்கள் வார்டு கவுன்சிலரைச் சந்தித்து, அதிகாரியே முடிவெடுத்துவிடாமல் விண்ணப்பத்தைக் கவுன்சிலர்கள் அடங்கிய திட்டக் குழுவின் முன் கொண்டுவருமாறு கேளுங்கள். குழுவில் பேசப் பல கவுன்சில்கள் மூன்று நிமிடமே தருகின்றன. பலர் இருந்தாலும் ஒருவரே பேச வேண்டியிருக்கலாம். மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கவும் கோரலாம். தற்காலிக ஆணை உடனே நடைமுறைக்கு வந்தாலும், ஆறு மாதத்துக்குள் அது உறுதிசெய்யப்பட வேண்டும்.

மக்கள் எதிர்ப்புக்கு வலிமை உண்டு. தென்கிழக்கு லண்டனின் ஆக்ஸ்லீஸ் காட்டின் வழியே செல்லவிருந்த சாலைத் திட்டத்தை, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1993இல் அரசு கைவிட்டது. ஆனால் விதி சார்ந்த காரணம் இல்லாமல், கூட்டத்தின் ஆரவாரத்துக்காக மட்டும் ஒரு குழு அனுமதி மறுத்தால், மேல்முறையீட்டில் அந்த முடிவு கவிழலாம். கவுன்சில் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட நேரலாம். ஆகவே நான்காம் படியை முடிக்காமல் பதாகை எழுத உட்காராதீர்கள்.

படி 6: முடிவுக்குப் பின்

அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அப்போது ஆய்வாளருக்கும் எழுதுங்கள். அனுமதி வழங்கப்பட்டால் உங்களுக்கு அந்த உரிமை இல்லை. முடிவில் சட்டப் பிழை இருந்தால் மட்டுமே, ஆறு வாரத்துக்குள் நீதிமன்ற மறுஆய்வு கோர முடியும். முதல் வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்குக்கு இடமில்லையென்றால், அனுமதியோடு இணைக்கப்பட்ட நிபந்தனைகளை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேர்களைக் காக்கும் வேலி போடப்படுவதற்கு முன்பே இயந்திரங்கள் தளத்தில் இறங்கினால், படம் எடுத்து அன்றே கவுன்சிலின் அமலாக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள்.