சின்ன மாத்திரை மட்டும் போதுமா?

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எதைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எழுதும் சீட்டில் பல சமயம் இரண்டு மருந்து இருக்கும். ஒன்று மனச்சோர்வை மெல்லக் குறைக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் வகை. மற்றது பதற்றத்தை உடனே அமர்த்தும் குளோனசெபாம் அல்லது அல்பிரசோலாம். ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்: தூக்க மாத்திரை. வம்பு இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

போன மாதம் ஒரு ஆச்சி வந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், அத்தனை பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும். சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார்கள்.

"தம்பி, இதுல அந்தச் சின்ன மாத்திரை மட்டும் ரெண்டு அட்டை குடுங்க. பெருசு கேக்கவே இல்ல, வயித்தைத்தான் பெரட்டுது."

"பெருசை எத்தனை நாள் போட்டீக?"

"அஞ்சாறு நாள்."

சீட்டு ஏழு மாதம் பழையது. சின்ன மாத்திரைக்கு நேரே '15 நாள்' என்று எழுதியிருந்தது.

ஆச்சி சொன்ன 'பெருசு' எஸ்சிடலோபிராம் வகை. அதில் தொல்லை முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல், தலைவலி, ஒருவித படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மனசு லேசாவது தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகும். ஆச்சி நிறுத்திய அந்த ஐந்தாறு நாள்தான் இருப்பதிலேயே மோசமான நாட்கள். சின்ன மாத்திரையோ ஒரு மணி நேரத்துக்குள் ஆளை அமர்த்திவிடும். அதனால் அதுதான் 'நல்ல மருந்து' என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. உண்மையில் அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. சுவர் எழும்பும்வரை சில வாரங்களுக்கு மட்டும். அதற்குமேல் போனால் உடம்பு பழகி, இன்னும் கொஞ்சம் கேட்கும். வயதானவர்களுக்கு மறுநாள் காலையிலும் தள்ளாட்டம் இருக்கும். இருட்டில் வளவை (உள்முற்றத்தை) தாண்டி, நிலைப்படி ஏறி இறங்கிக் கொல்லைக்குப் போகிற நம் வீடுகளில் இடுப்பெலும்பு முறிய வேறென்ன வேண்டும்?

இதைச் சொன்னதும் ஆச்சி, "அப்ப இன்னைக்கே தூக்கிப் போட்டுர்றேன்" என்றார்கள். அது இன்னும் பெரிய தவறு. மாதக்கணக்கில் போட்டதைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய சீட்டுக்கு நானும் தர முடியாது. அல்பிரசோலாம் போன்றவை எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகள். விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். "கள்ளச்சாராயமாப்பா கேட்டேன்?" என்று கோபித்துக்கொண்டார்கள். டாக்டருக்குப் போன் போட்டு, அன்று மாலையே பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மருந்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்தும் விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். தெரியாமலே வருஷக்கணக்கில் குளோனசெபாம் போடுகிறவர்கள் உண்டு.

'நல்லாயிட்டேன், இனி எதுக்கு?' என்று எஸ்சிடலோபிராம் வகையை நிறுத்துவது அடுத்தது. முதல் தடவை மனச்சோர்வு என்றாலும், குணமான பிறகு 6 முதல் 9 மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் மின்சாரம் சுண்டினாற்போல் ஒரு வெட்டு வரும். மனச்சோர்வுக்கே தரும் பராக்சிடின், வென்லாஃபாக்சின் மருந்துகளில் இது கூடுதல். இதைப் பார்த்து 'அடிமையாகிவிட்டோம்' என்று பயப்படுகிறார்கள். இல்லை, உடம்பு பழகிய மருந்தைப் பட்டென்று நிறுத்தியதன் விளைவு.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் கேட்பவர்கள் இந்த மனச்சோர்வு மருந்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் இன்னும் ஆபத்து. சாராயத்தோடு சின்ன மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எஸ்சிடலோபிராம் வகையைத் தொடங்கும்போது, முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் கண்ணாக இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் உடனே டாக்டர்; 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் 'விரதத்துல மாத்திரை எதுக்கு' என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாதி வழியில் தலைசுற்றி உட்கார்ந்தால் வெயில்மேல் பழி. திரும்பி வரும்வரைக்கான மாத்திரையும் சீட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில், இடுப்பிலேயே இருக்கட்டும்.