லாகர் பியரைச் சுவைத்து விமர்சனம் எழுதுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பியருக்கு விமர்சனம் எழுதுவது சுலபம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை முகத்தில் வந்து அறையும். எழுத நாலு வரி தானாகக் கிடைத்துவிடும். லாகரில் அந்தச் சலுகை கிடையாது. "நல்லா இருக்கு, சில்லுன்னு இருக்கு" என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு என்ன செய்வது என்று முழிப்பவர்கள்தான் அதிகம். இந்தப் பதிவு அவர்களுக்கு. (மது அருந்தச் சட்டப்படி வயது வந்தவர்களுக்கு மட்டும், சுவைக்கும் நாளில் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.)

லாகர் ஏன் இப்படி அடக்கமாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பியரின் இன்னொரு பெரிய குடும்பமான ஏலின் ஈஸ்ட் சுமார் 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் வேகமாக நொதிக்கும். அந்த வேகத்தில் பழவாசனைகள் நிறைய உண்டாகும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக வேலை செய்யும். அதன்பின் பியரைப் பூஜ்ஜியத்துக்கு அருகே குளிர்வித்து வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். பழவாசனை பெரும்பாலும் இருக்காது. மிஞ்சுவது மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ், தண்ணீர், கூடவே தயாரித்தவரின் கைத்தவறு. வெள்ளைச் சட்டையில் விழுந்த மைத்துளி மாதிரி, சின்னக் குறையும் லாகரில் தெரிந்துவிடும். அதனால் லாகர் விமர்சகருக்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியம்: எவ்வளவு சுத்தமாக இருக்கிறது? மால்ட்டும் கசப்பும் சமநிலையில் நிற்கின்றனவா?

படி 1: எதை வாங்குவது

ஒரே வகையில் நான்கு பாட்டில் வாங்காதீர்கள். வேறுபாடு பளிச்சென்று தெரிய, ஆரம்பத்தில் மூன்று வகை போதும்.

முதலாவது பில்ஸ்னர். 1842இல் செக் நாட்டின் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சியது இதன் முன்னோடி. அந்த ஊரின் உப்புக் குறைந்த தண்ணீரோடும் சாட்ஸ் என்ற ஹாப்ஸோடும் சேர்ந்த வெளிர் மால்ட், அதற்கு முன் பெரும்பாலும் பழுப்பாக இருந்த லாகரைப் பொன்னிறமாக்கியது. கசப்பு முன்னால் நிற்கும். மூலிகையும் பூவும் கலந்த வாசனை வரும். இரண்டாவது ஹெல்லஸ். பில்ஸ்னருக்குப் பதிலடியாக மியூனிக்கில் ஸ்பாட்டன் ஆலை 1894இல் கொண்டுவந்தது. நிறம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே மால்ட் முன்னால், கசப்பு பின்னால். மூன்றாவது, கறுப்பு லாகரான ஷ்வார்ட்ஸ்பியர். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே மெலிந்த உடம்புதான் (உடம்பு என்றால் வாயில் உணரும் கனம்). வறுத்த வாசனை இருக்கும், தீய்ந்த கசப்பு இருக்காது. வியன்னா லாகர், மெர்சன், டாப்பல்பாக் எல்லாம் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். தயாரித்த தேதி புதிதாக இருக்கட்டும். லாகரை நாள்பட வைப்பதால் பொதுவாக ஒரு லாபமும் இல்லை. கடையில் குளிரில் வைத்திருந்ததை எடுங்கள். பச்சை அல்லது நிறமற்ற பாட்டில், அதுவும் வெளிச்சத்தில் நின்றிருந்தால், விட்டுவிடுங்கள். கேன் கிடைத்தால் கேன்தான் என் தேர்வு. அதற்குள் வெளிச்சம் புகாது.

படி 2: கிளாஸும் குளிரும்

கிளாஸை ஃப்ரீசரில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். உறைந்த கிளாஸ் நாக்கை மரத்துப்போகச் செய்யும், வாசனையை அடக்கும். வெளிர் லாகருக்கு 6 முதல் 8 டிகிரி சரியாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றினால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். கறுப்பு வகைகளுக்கு இன்னும் ஓரிரு டிகிரி கூடலாம்.

கிளாஸின் வடிவத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய ஒயின் கிளாஸே போதும். சுத்தம்தான் முக்கியம். சோப்பின் பிசுக்கும் எண்ணெய்ப் பசையும் நுரையைக் கொன்றுவிடும். பியர் ஊற்றியபின் கிளாஸின் உட்சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது பியரின் குறை அல்ல, கழுவியவரின் குறை.

படி 3: ஊற்றுங்கள், பாருங்கள்

கிளாஸைச் சாய்த்துப் பாதி ஊற்றி, நிமிர்த்தி மீதியை நடுவில் ஊற்றுங்கள். ஒரு முறைக்கு 100 மில்லி போதும். நிறம், தெளிவு, நுரையின் நிறம், அது எவ்வளவு நேரம் தாங்குகிறது ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு நகருங்கள். வடிகட்டாத லாகர் கலங்கலாகத்தான் இருக்கும். அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

படி 4: முகர்ந்து பாருங்கள்

ஊற்றியவுடன் முகர வேண்டும். லாகரின் மென்மையான வாசனைகள் சில, ஓரிரு நிமிடத்துக்குமேல் தங்காது. உள்ளங்கையால் கிளாஸை மூடி லேசாகச் சுழற்றி, கையை எடுத்து, குட்டிக் குட்டியாக இரண்டு மூச்சு இழுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் களைத்துப்போகும்.

இப்போது மூன்று கேள்விகள். தானிய வாசனை என்ன மாதிரி? வெளிர் மால்ட் என்றால் பிசைந்த மாவு, ரொட்டியின் உள்பகுதி, சில சமயம் தேன். மியூனிக் வகை மால்ட் சேர்ந்திருந்தால் ரொட்டியின் முறுகிய மேல்தோல். ஹாப்ஸ் எங்கே? சாட்ஸ், ஹாலர்ட்டவ், டெட்னாங், ஸ்பால்ட் போன்ற ஐரோப்பிய ஹாப்ஸில் எலுமிச்சை, மாம்பழம் எல்லாம் தேடாதீர்கள். மூலிகை, பூ, காய்ந்த புல், மிளகின் நெடி இந்தப் பக்கம்தான் இருக்கும். மூன்றாவதாக, இருக்கக்கூடாதது ஏதாவது இருக்கிறதா? தீக்குச்சி கிழித்த மாதிரி லேசான கந்தக நெடி வந்தால் பதற வேண்டாம். லாகர் ஈஸ்ட்டுக்கு அது இயல்பு, கொஞ்சம் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

பிறர் விமர்சனத்தில் படித்த மணத்தைத் தேடி மெனக்கெடுவது வீண். உங்களுக்குத் தெரிந்த மணம் எதுவோ அதையே எழுதுங்கள். பழைய புத்தக அலமாரி என்று தோன்றினால் அதுவும் பயனுள்ள குறிப்புதான்.

படி 5: குடியுங்கள்

முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள். வாயைத் தயார்படுத்த மட்டும் அது. இரண்டாவதை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முகர்ந்தபோது சிக்காத பல விஷயங்கள் இந்த வெளிமூச்சில் சிக்கும்.

ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பியரில் கொஞ்சமாவது விழுங்குவதே வழக்கம். விழுங்கியபின் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி மறைகிறது என்பதுதான் லாகரின் உயிர்நாடி. நல்ல பில்ஸ்னரில் கசப்பு கூர்மையாக வந்து, வாயை உலர்த்திவிட்டு, சுத்தமாக விலகும். அடிநாக்கில் மாத்திரை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது கரடுமுரடான கசப்பு. ஹெல்லஸில் இனிப்பு இருப்பது போலத் தோன்றும், ஆனால் திகட்டக் கூடாது.

கூடவே உடம்பையும் கவனியுங்கள்: தண்ணீர் போல மெலிதா, வாயை நிறைக்கிறதா? வாயு ஊசி மாதிரி குத்துகிறதா, இதமாக இருக்கிறதா? இரண்டு பியருக்கு நடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும். மென்மையானதிலிருந்து வலுவானதற்குப் போங்கள். ஒரு தடவைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதற்கு எழுதும் குறிப்பை நான் நம்புவதில்லை.

படி 6: குறைகளை அடையாளம் காணுங்கள்

வெண்ணெய் அல்லது பாப்கார்ன் வெண்ணெய் வாசனை, நாக்கில் வழுக்கல்: டையசெட்டில். நொதித்தலின் கடைசியில் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி ஓரிரு நாள் விட்டால் ஈஸ்ட்டே அதை உறிஞ்சிவிடும். அவசரப்பட்டால் தங்கிவிடும். குழாய் வழி ஊற்றும் பியரில், சுத்தம் செய்யாத குழாயில் வளரும் பாக்டீரியாவும் இதை உண்டாக்கலாம். எனவே ஆலையைத் திட்டும் முன் அதே பியரைக் கேனில் ஒருமுறை சுவையுங்கள். சில செக் லாகர்களில் இது மிக லேசாக இருப்பது ஏற்கப்பட்ட விஷயம்.

வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாசனை: டைமெத்தில் சல்பைடு, சுருக்கமாக டிஎம்எஸ். வெளிர் மால்ட்டிலிருந்து வருவது. நன்றாகக் கொதிக்கவிட்டு, சீக்கிரம் ஆறவைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

பச்சை ஆப்பிள் வாசனை: அசெட்டால்டிஹைடு. பெரும்பாலும் பியர் இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள்.

ஈர அட்டைப்பெட்டி வாசனை: ஆக்சிஜன் பட்டு மூப்படைந்தது.

கடைசியாக, ஒருவித மிருக நெடி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்து உருவாவது. நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும். இதில் பிரபலமான பச்சை பாட்டில் பியர்களைக் குடித்துப் பழகிய பலர், லாகரின் வாசனையே இதுதான் என்று நம்பிக்கொண்டிருப்பது வேடிக்கை. சந்தேகம் இருந்தால் ஒரே பியரை இரண்டு நிறமற்ற கிளாஸில் ஊற்றி, ஒன்றைப் பதினைந்து நிமிடம் வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்து முகர்ந்து பாருங்கள். அப்புறம் அந்த நெடி மறக்கவே மறக்காது.

படி 7: எழுதுங்கள்

கிளாஸ் காலியாகும் முன் எழுதுங்கள். முதலில் கண்டது, பிறகு தீர்ப்பு, மதிப்பெண் கடைசியில். மாற்றி எழுதினால், கொடுத்த மதிப்பெண்ணுக்குத் தகுந்த காரணங்களை மனசு தேட ஆரம்பித்துவிடும்.

அடிக்கடி கண்ணில் படும் விமர்சனம் இப்படி இருக்கும்: "சூப்பர் ஹெல்லஸ். ரொம்ப ஸ்மூத். கட்டாயம் ட்ரை பண்ணுங்க. 4/5." படிப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அதே பியரை இப்படி எழுதலாம்:

"வெளிர் பொன்னிறம், நல்ல தெளிவு. இரண்டு விரல் உயர வெள்ளை நுரை, பாதி கிளாஸ் வரை தாங்கியது. முதலில் பிசைந்த மாவு, பிறகு லேசான தேன். ஹாப்ஸ் எங்கோ பின்னால், காய்ந்த புல்லாக. மால்ட் இனிப்போடு தொடங்கி நடுவில் தட்டையாகிறது. கசப்பு தாமதமாக வந்து சட்டென்று மறைகிறது. விழுங்கியபின் மெல்லிய வெண்ணெய்ப் படலம். குளிர் குறையக் குறைய அது கூடியது. ஹெல்லஸில் இது குறைதான். முதல் பாதி சுகம், இரண்டாம் பாதியைக் கடமைக்குக் குடித்தேன்."

மதிப்பெண் கட்டாயம் வேண்டும் என்றால், பியர் போட்டி நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பிஜேசிபியின் மதிப்பெண் தாளைப் பின்பற்றலாம். மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3தான் என்பதைக் கவனியுங்கள். எந்த வகையோ அந்த வகையின் அளவுகோலில்தான் அளக்க வேண்டும். ஹெல்லஸில் கசப்பு போதவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

படி 8: உங்களையே சோதியுங்கள்

நண்பர் ஒருவரிடம் மூன்று கிளாஸ் கொடுங்கள். இரண்டில் ஒரே லாகர், மூன்றாவதில் வேறொன்று. எது எதில் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். பில்ஸ்னரும் ஷ்வார்ட்ஸ்பியரும் என்றால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே வகையில் இரண்டு ஆலைகளின் பியர் என்றால் நிஜமாகவே கஷ்டம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், கிளாஸ்களை இடம் மாற்றி நாலைந்து சுற்று செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 30 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.