433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலுக்கு ஆன்டெனா: 17.3 சென்டிமீட்டர் ஒயர் போதும்

மேசை மேல் வைத்தால் பிரமாதமாக வேலை செய்கிறது, அடுத்த ரூமுக்குப் போனால் செத்துவிடுகிறது. கம்பியில்லாமல் சிக்னல் அனுப்பும் மலிவு எஃப்எஸ்1000ஏ டிரான்ஸ்மிட்டரும் அதனுடன் ஜோடியாகத் தரும் நான்கு பின் ரிசீவரும் வாங்கிய எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். மாட்யூலில் குறை இல்லை. பெரும்பாலும் அது ஆன்டெனா இல்லாமலே வருகிறது. நாம்தான் வைக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மூன்று மாடி. மொட்டை மாடி டேங்க் நிரம்பிவிட்டதா என்று கீழே மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒரு எல்இடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தேவை. அர்டுயினோவில் புரோகிராம் ஏற்றுவது, இந்த மாட்யூல்களைப் பேச வைக்கும் ரேடியோஹெட் லைப்ரரி போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஆன்டெனா மட்டும்.

1. முதலில் அலைவரிசையைப் பாருங்கள்

டிரான்ஸ்மிட்டரில் வட்டமாக ஒரு தகர டப்பி இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் மேல் ஆர்433 என்றோ ஆர்315 என்றோ பொறித்திருப்பது தெரியும். கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் கால் பங்குதான் நமக்கு வேண்டிய ஒயர். ஆர்433க்கு (சரியாகச் சொன்னால் 433.92 மெகாஹெர்ட்ஸ்) 17.3 செ.மீ., ஆர்315க்கு 23.8 செ.மீ.

2. ஒயர்

என் ஓட்டு லேன் கேபிளுக்குத்தான். ஓர் அடி துண்டை உரித்தால் எட்டு ஒயர் கிடைக்கும். செம்பு ஒற்றைக் கம்பியாக இருந்தால் நிமிர்த்தினால் நிமிர்ந்தபடியே நிற்கும். பல இழை ஒயர் துவண்டு விழும், வேண்டாம். ரிச்சி தெருவில் கிடைக்கும் இழுத்து நீட்டுகிற ஆன்டெனாவும் வேண்டாம். யாராவது கை பட்டு நீளத்தை மாற்றிவிட்டால் கணக்கே போச்சு.

டெய்லர் டேப்பை விட்டுவிட்டு ஸ்டீல் ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். 18 செ.மீ. வெட்டி, ஒரு முனையில் 5 மி.மீ. உரித்து, போர்டில் சால்டர் செய்து பற்ற வைத்த பிறகு, பற்றிய இடத்திலிருந்து நுனி வரை 17.3 வருமாறு நறுக்குங்கள். ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் குடிமுழுகிப் போகாது.

3. பற்ற வைப்பது

மூலையில் ஏஎன்டி என்று எழுதிய தனி ஓட்டை இருக்கும். ஒயர் முனையில் முதலில் கொஞ்சம் ஈயம் பூசிக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு மூன்று நொடிக்கு மேல் சால்டரிங் அயர்னை அழுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சின்னச் சுருள் கம்பிகளைத் தொடவே கூடாது. அவைதான் டியூனிங். ரிசீவருக்கும் இதே நீளம், இதே வேலை. டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் வைத்துவிட்டு ரிசீவரை மொட்டையாக விடுகிறவர்கள் நிறைய பேர்.

4. எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

ஒயர் வைத்தாச்சு. ஆனாலும் மாட்யூலைக் கையில் பிடித்தால் சிக்னல் போகிறது, கீழே வைத்தால் நின்றுவிடுகிறது. பேய் வேலை போலத் தெரியும், காரணம் எளிது.

கால் அலை ஆன்டெனா என்பது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதியாக போர்டின் கிரவுண்டு இருக்க வேண்டும். இந்த டிரான்ஸ்மிட்டரோ கட்டைவிரல் நகம் அளவுதான், அதில் கிரவுண்டு எவ்வளவு இருக்கப்போகிறது? நீங்கள் பிடிக்கும்போது உங்கள் உடம்பே அந்த மீதிப் பாதியாகிவிடுகிறது.

வைத்தியம்: இன்னொரு 17.3 செ.மீ. ஒயரை ஜிஎன்டி (கிரவுண்டு) பின்னில் பற்ற வையுங்கள். ஆன்டெனா மேலே போனால் இது நேர் கீழே. இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிராக நிற்க வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போகக் கூடாது. பேட்டரியில் ஓடும் டிரான்ஸ்மிட்டருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்த தொல்லை, பெட்டிக்குள் இடம் இல்லை என்று ஒயரைச் சுருட்டித் திணிப்பது. சுருட்டினால் அது 17.3 செ.மீ. ஆன்டெனா இல்லை, வேறு ஏதோ. பெட்டியில் ஓட்டை போட்டு ஒயரை வெளியே நேராக நிறுத்துங்கள். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகரப் பெட்டி அலையை உள்ளேயே அடைத்துவிடும். சின்டெக்ஸ் டேங்க் மேலேயே ஒட்டவும் வேண்டாம், உள்ளே இருக்கும் தண்ணீர் அலையைத் தின்னும். இரும்பு ஏணி, ஜிஐ பைப் எல்லாவற்றிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். இரண்டு ஆன்டெனாவும் செங்குத்தாகவே இருக்கட்டும்.

5. சோதனை

ஒருவர் மாடியில், ஒருவர் கீழே, கையில் போன். முதலில் ரிசீவரை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மலிவு சார்ஜர் கிளப்பும் இரைச்சலிலேயே தூரம் பாதியாகக் குறைந்துவிடும். தூரம் இன்னும் போதவில்லையென்றால் ரேடியோஹெட்டில் வேகத்தை நொடிக்கு 2000 பிட்டிலிருந்து 500க்கு இறக்குங்கள். டிரான்ஸ்மிட்டர் 12 வோல்ட் வரை தாங்கும், மின்னழுத்தம் ஏற ஏற சக்தியும் ஏறும். ரிசீவர் 5 வோல்ட்தான், மறக்க வேண்டாம். இதற்கும் மசியாவிட்டால் ரிசீவரை மட்டும் ஆர்எக்ஸ்பி6 என்ற இன்னும் நல்ல ரிசீவருக்கு மாற்றுங்கள். டிரான்ஸ்மிட்டரில் காசு போடுவதைவிட அது மேல்.

பிற்சேர்க்கை

எண்ணூரிலிருந்து ஒருவர், உரித்த இடம் பச்சை பூத்து ஒயர் கையோடு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்றுக்கு வெறும் செம்பு தாங்காது. பற்றும் 5 மி.மீ. தவிர இன்சுலேஷனை உரிக்காமல் விடுங்கள், நுனியிலும் பற்றிய இடத்திலும் சிலிக்கான் பூசுங்கள். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் கூடாது. அது காயும்போது விடும் அமிலமே செம்பை அரிக்கும். டியூபில் நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஹாட் குளூ மாடி வெயிலில் இளகிவிடும்.

சுருள் ஸ்பிரிங் ஆன்டெனா பரவாயில்லையா என்று இன்னும் சிலர். ஒரே ரூமுக்குள் பரவாயில்லை. மாடி தாண்ட வேண்டும் என்றால் நேர் ஒயர்தான்.

லோரா என்ற நெடுந்தூர ரேடியோ மாட்யூல் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆன்டெனாவை மாட்டாமல் அதில் சிக்னல் அனுப்பாதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து சிப்பையே எரிக்கக்கூடும். எஃப்எஸ்1000ஏ சக்தி குறைந்தது, பிழைத்துக்கொள்ளும்.