ஷாம்பெயின்: குமிழியை மட்டும் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஷாம்பெயின் என்ற நுரைக்கும் ஒயினைச் சொன்னதும் எல்லோரும் குமிழியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குமிழி முக்கியம்தான், ஆனால் அது கடைசியில் வந்து சேர்வது. அதற்கு முன்னால் பிரான்ஸின் வடகிழக்குக் குளிரில், ஷாம்பெயின் என்றே பெயருள்ள பகுதியில், ஒரு தோட்டம் இருக்கிறது, பொறுமையாகச் சாறு பிழியும் வேலை இருக்கிறது, நிலவறை இருட்டில் வருடக்கணக்கில் படுத்துக்கிடக்கும் பாட்டில்கள் இருக்கின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டால் வாங்குவதில் தொடங்கி ஊற்றுவது வரை தவறு தொடர்ந்து வரும்.

முதல் தவறு, டோம் பெரிஞோன் என்ற துறவிதான் குமிழி ஒயினைக் கண்டுபிடித்தார் என்று நம்புவது. அவர் 1668 முதல் 1715இல் இறக்கும் வரை ஓவிலர் மடத்தின் நிலவறைப் பொறுப்பில் இருந்தவர். அந்தக் காலத்தில் குமிழி ஒரு குறை. குளிரில் பாதியில் நின்றுபோன நொதித்தல், வெயில் வந்ததும் பாட்டிலுக்குள் மறுபடி தொடங்கி, பாட்டிலையே உடைத்துவிடும். சர்க்கரை சேர்த்து ஒயினை வேண்டுமென்றே நுரைக்க வைப்பதைப் பற்றி 1662லேயே லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். டோம் பெரிஞோனின் பெயர் நிலைத்ததற்கு நியாயமான காரணம் வேறு: வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளை அறிந்து கலப்பதிலும் கவனமாகப் பிழிவதிலும் அவர் காட்டிய அக்கறை.

அடுத்தது, வெள்ளை ஒயின் என்றால் வெள்ளைத் திராட்சை என்று முடிவு கட்டுவது. ஷாம்பெயின் பகுதியில் ஏறக்குறைய 34,000 ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பினோ நுவார், ம்யூனியே என்ற இரண்டு கருப்புத் திராட்சைகள். மீதி பெரும்பாலும் ஷார்டொனே. கருப்புத் தோலுக்குள் இருக்கும் சாறு நிறமற்றதுதான், தோல் நசுங்கி ஊறினால்தான் நிறம் இறங்கும். அதனால்தான் அங்கே இயந்திர அறுவடைக்கு அனுமதி இல்லை. குலை உடையாமல் கையால்தான் பறிக்க வேண்டும், குலையோடுதான் பிழிய வேண்டும். 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டும்தான் எடுக்கலாம் என்பது சட்டம். முதலில் வரும் 2,050 லிட்டர் தனி, அடுத்த 500 லிட்டர் தனி. தேங்காயில் முதல் பாலும் இரண்டாம் பாலும் போலத்தான்: முதலில் வருவதில் புளிப்பும் நேர்த்தியும் இருக்கும், பின்னால் வருவதில் தோலின் கரகரப்பு ஏறத் தொடங்கும். பல நிறுவனங்கள் தங்கள் சிறந்த ஒயினுக்கு இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

நன்றாகப் பழுத்த திராட்சைதான் நல்லது என்ற எண்ணமும் இங்கே செல்லாது. ஷாம்பெயின் பகுதியின் ரெய்ம்ஸ் நகரம் 49 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 11 டிகிரி. ஏப்ரலில் பனி விழுந்து தளிரைக் கருக்கிவிடும் என்ற பயம் விவசாயிக்கு ஒவ்வொரு ஆண்டும் உண்டு. ஆனால் அந்தக் குளிர்தான் திராட்சையில் புளிப்பைக் காப்பாற்றித் தருகிறது. புளிப்பு இல்லாமல் இந்த ஒயின் இல்லை. அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை மழை நீரை உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களில் வேருக்குக் கொடுக்கிறது. எல்லா இடத்திலும் அதே பாறை என்றும் நினைக்க வேண்டாம். தெற்கே ஓப் பகுதிக்குப் போனால் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த வேறு மண், பினோ நுவாரின் சுவையும் அங்கே வேறு.

சரி, குமிழிக்கு வருவோம். முதல் நொதித்தல் முடிந்த ஒயினைக் கலந்து, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி, பீர் பாட்டில் மூடி போலொன்றைப் போட்டு அடைப்பார்கள். உள்ளே மறுபடி நொதித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைகிறது. அழுத்தம் கிட்டத்தட்ட 6 அட்மாஸ்பியர். வீட்டில் ஒயின் போடும் ஆர்வலர்கள் ஆபத்தாகத் தவறுவது இங்கேதான். முதல் நொதித்தல் முடிந்துவிட்டதா என்று அளந்து பார்க்காமல், கண்ணளவில் சர்க்கரை போட்டு, கையில் கிடைத்த சாதாரண ஒயின் பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். அது வெடிக்கும், கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறிக்கும். 1836இல் ஷாலோன் ஊரைச் சேர்ந்த பிரான்சுவா என்ற மருந்தாளர் சர்க்கரையை அளக்கும் முறையைத் தரும் வரை ஷாம்பெயினிலேயே பாட்டில்கள் ஏராளமாக வெடித்தன, நிலவறைத் தொழிலாளர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். அழுத்தம் தாங்கும் கனத்த பாட்டில் இல்லையென்றால் இந்த முயற்சியே வேண்டாம்.

குமிழி சில வாரங்களில் வந்துவிடும், சுவைக்குத்தான் காலம் வேண்டும். செத்த ஈஸ்ட் வண்டலாகப் படிந்து மெல்லச் சிதைய, அதிலிருந்துதான் ரொட்டி வாசனையும் வாயில் அந்த வழவழப்பும் வருகின்றன. லேபிளில் அறுவடை ஆண்டு போடாத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஆண்டு போட்டது என்றால் குறைந்தது 3 வருடம். இதற்காக ஆண்டு போடாததை மட்டமாக நினைக்கிறவர்கள் பலர், அதை நான் ஏற்க மாட்டேன். பனியும் மழையும் ஒவ்வொரு ஆண்டையும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும் ஊரில், பழைய ஆண்டுகளின் ஒயினைச் சேமித்து வைத்துப் புதியதோடு கலந்து, வருடந்தோறும் அதே தரத்தைக் கொண்டுவருவது பெரிய திறமை. ஒரு நிறுவனத்தை எடைபோட அந்தப் பாட்டிலைத்தான் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும்.

வண்டலை வெளியே எடுப்பது தனி வேலை. சாய்வாக ஓட்டை போட்ட மரப்பலகைகளில் பாட்டிலின் கழுத்தைச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் தலைகீழாக்கிக்கொண்டே வந்தால், வாரக்கணக்கில் வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கி மூடியில் உட்காரும். இப்போது பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் இதை ஒரு வாரத்தில் முடித்துவிடுகின்றன, அதனால் சுவை கெடுவதாகச் சொல்வது வீண் பேச்சு. அப்புறம் கழுத்தை மட்டும் மைனஸ் 27 டிகிரி திரவத்தில் முக்கி எடுத்து மூடியைத் திறப்பார்கள், உறைந்த வண்டல் அழுத்தத்தால் தானே வெளியே பாயும். குறைந்த அளவுக்கு ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கார்க் அடிப்பார்கள்.

அந்தச் சர்க்கரை அளவுதான் லேபிளில் பலரை ஏமாற்றுகிறது. 'எக்ஸ்ட்ரா டிரை' என்று பார்த்துவிட்டு இனிப்பே இருக்காது என்று வாங்குகிறார்கள், அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் உண்டு. 'ப்ரூட்' என்றால் 12க்குக் கீழே, 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' 6க்குள், 'ப்ரூட் நேச்சர்' 3க்கும் குறைவு. 'டெமி செக்' 32 முதல் 50 வரை, கேக்கோடு குடிக்க அதுதான் சரி. இனிப்புப் பண்டத்தோடு ப்ரூட் குடித்தால் வெறும் புளிப்புதான் தெரியும்.

நுரைக்கும் ஒயின் எல்லாமே ஷாம்பெயின் ஆகிவிடாது. இதே பாட்டில் முறையில் அல்சாஸ், லுவார், பர்கண்டி பகுதிகளில் செய்யப்படுவது க்ரெமான், அது குறைந்தது 9 மாதம் வண்டலோடு இருக்கும். கை இறுக்கமாக இருந்தால் பெயருக்காக மலிவான ஷாம்பெயின் தேடாமல் நல்ல க்ரெமான் வாங்குங்கள்.

திறக்கும்போது சத்தம் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கார்க்கின் மேல் கட்டைவிரல் இருக்கட்டும், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருப்புங்கள். 8 முதல் 10 டிகிரி போதும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரத்தில் அந்தக் குளிர் வந்துவிடும், ஃப்ரீசரில் போட்டு மறந்தால் பாட்டில் போய்விடும். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து ஓரமாக ஊற்றினால் வாயு கூடுதலாகத் தங்கும், ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் குழு இதை அளந்தே காட்டியிருக்கிறது. கோப்பையில் குமிழி குறைந்தால் ஒயினைக் குறை சொல்ல வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நாரில்தான் குமிழி பிறக்கிறது, அப்பழுக்கற்ற கோப்பையில் அது எழும்பவே திணறும். மிகக் குறுகலான கோப்பையில் வாசனையும் அடைபட்டுவிடும், கொஞ்சம் அகன்ற வெள்ளை ஒயின் கோப்பை எடுங்கள்.

ஆண்டு போடாத பாட்டிலை ஏதோ ஒரு நல்ல நாளுக்கென்று பத்து வருடம் அலமாரியில் வைத்திருக்காதீர்கள். வெளிச்சமும் சமையலறைச் சூடும் அதைக் கெடுக்கும். சில நிறுவனங்கள் வண்டல் நீக்கிய தேதியைப் பின்பக்க லேபிளில் போடுகின்றன. அதைப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுங்கள்.