காட்பாடிப் பக்கத்து மெக்கானிக்கல் மாணவருக்கு: எம்.இ., எம்.டெக். சீட் வாங்கும் வழி

எம்.இ.யா, எம்.டெக்.கா என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் மெக்கானிக்கல் பிரிவுகளுக்கு எம்.இ. என்று பட்டம் தருகின்றன, ஐ.ஐ.டி., என்.ஐ.டி., வி.ஐ.டி. எல்லாம் எம்.டெக். என்கின்றன. வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பது என்ன பிரிவு, என்ன ப்ராஜெக்ட் என்று மட்டும்தான். ஆகவே முதலில் பிரிவை முடிவு செய்யுங்கள்.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் மெக்கானிக்கல் எம்.டெக்.கில் தெர்மல், டிசைன், மேனுஃபாக்சரிங் என்று மூன்று கிளைகள். மற்ற இடங்களில் பெயர்கள் நீண்டாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். எது என்று தெரியாவிட்டால் நம் பக்கத்து ஆலைகளையே பாருங்கள். ராணிப்பேட்டை பெல் ஆலையில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் பிரெசிபிடேட்டர், பெரிய ஃபேன், ஏர் ப்ரீஹீட்டர் செய்கிறார்கள். அந்தக் கருவிகளின் உயிர் தெர்மலும் ஃப்ளூயிடும். சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா ஃபவுண்டரி இருக்கிறது; வார்ப்பில் ஓட்டை ஏன் விழுகிறது என்ற கேள்வி உங்களை இழுத்தால் மேனுஃபாக்சரிங். அதிர்வு, களைப்பு முறிவு, கணினியில் ஃபைனைட் எலிமென்ட் என்றால் டிசைன். "எது ஈஸி?" என்று சீனியரிடம் கேட்டுப் பிரிவு எடுப்பவர்கள்தான் இரண்டாம் வருடம் ப்ராஜெக்ட் தலைப்புக்கு அலைகிறார்கள்.

நுழைவதற்கு மூன்று வாசல்கள். கேட் (GATE, எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) எழுதினால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் போகலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா-பி.ஜி. தேர்வு தமிழ்நாட்டு எம்.இ. சீட்டுகளுக்கு, அதற்கான கவுன்சலிங் டான்கா (TANCA) என்ற தமிழ்நாட்டுப் பொதுச் சேர்க்கை மூலம். வி.ஐ.டி.க்கு அதன் சொந்தத் தேர்வு; கேட் மதிப்பெண் இருந்தால் அதை எழுத வேண்டியதில்லை. எங்கள் யோசனை: எங்கே படிக்கப் போவதாக இருந்தாலும் கேட் எழுதிவிடுங்கள். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதத்துக்கு. சீட்டா எழுதி அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காருபவருக்கு அது கிடையாது.

கேட் தேர்வு 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறன், சுமார் 13 கணிதம், மீதி மெக்கானிக்கல். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். வேலூரே தேர்வு நகரங்களில் ஒன்று. முதல் விருப்பமாக அதைப் போடுங்கள். பொதுத்திறனையும் கணிதத்தையும் கடைசி மாதத்துக்கு ஒதுக்குவது வழக்கமான தவறு. 28 மதிப்பெண் அங்கே இருக்கிறது, அதுவும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகள். மெக்கானிக்கலில் தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மேனுஃபாக்சரிங் மூன்றையும் முதலில் முடியுங்கள்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மதிப்பெண்ணுக்கு மூன்றில் இரண்டும் கழிப்பார்கள். எண்ணை நீங்களே இடும் கேள்விகளிலும், ஒன்றுக்கு மேல் விடை உள்ள கேள்விகளிலும் கழிவு இல்லை. அவற்றைக் காலியாக விடவே கூடாது.

கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, திரையில் வருவதைத்தான் பயன்படுத்த வேண்டும், கீபோர்டும் வேலை செய்யாது. அந்தக் கால்குலேட்டர் திறக்கும்போது டிகிரியில் இருக்கும். அதிர்வுக் கணக்கில் சைன் போடும்போது ரேடியனுக்கு மாற்ற மறந்தால் கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் விடை தவறு. எண்ணை முதலில் அடித்துப் பிறகு சைன் பொத்தானை அழுத்த வேண்டும், நம் காசியோ பழக்கத்துக்கு நேர் எதிர். அதனால் நவம்பரிலிருந்தே மாதிரித் தேர்வுகளை அந்தத் திரைக் கால்குலேட்டரிலேயே போட்டுப் பழகுங்கள்.

இனி காகித வேலை. மதிப்பெண் இருந்தும் சீட் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

பெயரில் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் எஸ்", கல்லூரிச் சான்றில் தந்தை பெயர் விரித்து எழுதியிருக்கும். விண்ணப்பத்தில் போடும் பெயர், தேர்வு அறைக்குக் கொண்டுபோகும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். மாற்ற வேண்டியிருந்தால் ஜூலையிலேயே ஆதார் மையத்துக்குப் போய்விடுங்கள்.

சாதிச் சான்று. நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. நிரந்தர அட்டை டான்காவுக்குச் செல்லும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குச் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாதவர் என்ற) சான்று வேண்டும், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. போன வருடச் சான்றை நீட்டினால் சீட் பொதுப் பிரிவுக்குப் போகும், அல்லது கை நழுவும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவையில் போட்டுவிட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்தவர்களுக்கு ஆதாரில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கலாம். சான்று ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து வரும். ஆதார் முகவரியை முன்பே திருத்திக்கொண்டால் சரிபார்ப்பு மேஜையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கவுன்சலிங்குக்கு வருவோம். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. (CCMT) என்ற பொதுக் கவுன்சலிங். அதில் பொதுப் பிரிவு, ஓ.பி.சி.க்கு 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55 சதவீதம் அல்லது 6.0. ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு ஐ.ஐ.டி.களுக்குப் பொதுவான கோப் (COAP) தளத்தில் சீட் ஆஃபர்கள் வரும். கோப் தளத்தில் பதிந்தாலே போதும் என்று நினைத்து ஒரு ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. வந்த ஆஃபரை ஏற்கலாம், வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், மறுத்துவிட்டும் காத்திருக்கலாம். மறுத்த ஆஃபர் திரும்பி வராது. வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கும்போது மறுப்பதற்குக் காரணமே இல்லை.

வங்கிக் கணக்கையும் இப்போதே பாருங்கள். உதவித்தொகைக்கு உங்கள் தனிப் பெயரில், ஆதார் இணைந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கு வேண்டும். அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கும் ஜன்தன் கணக்கும் சிக்கல் தரும்.

ஜெர்மனி போகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. அங்கே உங்கள் சி.ஜி.பி.ஏ.வை மாற்றும் சூத்திரம்: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். அங்கே எண் குறையக் குறையத்தான் மதிப்பு நல்லது. சி.ஜி.பி.ஏ. 8.0, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2, தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் அதே 8.0 வெறும் 2.5. 2.5 வரை மட்டுமே கேட்கும் பாடத்திட்டத்தில் அந்த வித்தியாசம் உங்களை விளிம்பில் நிறுத்திவிடும். மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் தேர்ச்சிப் புள்ளி எது என்று படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஏ.பி.எஸ். (உங்கள் கல்விச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்க்கும் அமைப்பு) சான்று இல்லாமல் மாணவர் விசா கிடையாது, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால் பணம் கட்டுமுன் ஒரு வேலைநாள் மதியம் ஆய்வகத்துக்குப் போங்கள். யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் ஓடுகிறதா, கேலிப்ரேஷன் ஸ்டிக்கரில் என்ன தேதி, அன்சிஸ் (ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள்) உரிமம் ஆராய்ச்சி வகையா, இலவச மாணவர் பதிப்பா என்று கேளுங்கள். மாணவர் பதிப்பில் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கு 1,28,000 நோடுதான் (மாடலைப் பிரித்துக் கணக்கிடும் புள்ளிகள்) எல்லை. ஒரு கியர்பாக்ஸ் உறையை நுணுக்கமாக மெஷ் செய்தாலே அதைத் தாண்டிவிடும். போன வருட எம்.இ. ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இரண்டை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள், சோதனை முடிவுகள் எத்தனை பக்கம் வருகின்றன என்று.